பக்கக் கட்டு

செப்டம்பர் 17, புதன்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. ஆட்டம் தொடங்கும் முன்பே மழை விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. இடைவேளை வரைக்கும் தூறிக்கொண்டுதான் இருந்தது. நாற்காலியைத் துடைக்கப் பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் நானே கைக்குட்டை கேட்டு வாங்கினேன். இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மறந்தது இது ஒன்றுதானா என்பதும் தெரியவில்லை.

இந்த நாலு வரியை எழுதி முடிப்பதற்குள் சின்னவளுக்கு டீ ஆறிப்போயிற்று. இடது கண்ணில் கட்டு. ஒற்றைக் கண்ணால் எழுதும்போது பேனா தாளைத் தொட்டுவிட்டது போலத் தெரியும், தொட்டிருக்காது. தொட்டபோது ஒரு வரி இன்னொரு வரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். பகலில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு, மாலை வகுப்பில் கணக்குப் பதிவியல் படிக்கிற பெண் அவள். பிழையைச் சுரண்டி அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடி, மேலே சரியானதை எழுது என்பது அந்த வகுப்பின் முதல் நாள் பாடம். அதை அவள் வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று அக்கா கேலி செய்வாள்.

அவளும் அக்காவும் அக்காவின் கணவரும் குடியிருந்தது ஒரு தச்சுப் பட்டறையின் மாடியில், இரண்டு அறைகளில். கீழே அறுப்பு இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை காலுக்கடியில் மெல்ல உறுமும். ஜன்னல் கம்பியில் மரத்தூள் படியும். முன்னறையில் பாதியை ஆட்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மீதியை வலை பிடித்துக்கொண்டிருந்தது. மாமா ஹாக்கி மைதானத்தில் வலைக்காரர். கோலுக்குப் பின்னால் பார்வையாளர்கள் உட்காரும் இடத்துக்கு முன்னே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமாக ஒரு வலை தொங்குமே, அதைக் கட்டுவதும் இறக்குவதும் கிழிந்தால் தைப்பதும் அவருடைய ஆட்களின் வேலை. தையல் வேலை பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடும். சுவரில் அடித்த இரண்டு ஆணிகளில் வலையை மாட்டி, அக்கா ஒரு முனையிலும் சின்னவள் மறு முனையிலும் மர ஊசியைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சும் முடிச்சும் ஒன்றாகவே ஓடும். ஹாக்கிப் பந்து கல் மாதிரி. கண்ணி ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் பந்து வரும் என்பார் மாமா. அதனால் சின்னவள் தைத்ததை எல்லாம் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அப்படித் தடவிப் பார்த்த வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அடிபட்டது.

இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கித் தந்தவர் மாமாதான். "முதல் வரிசை, வலைக்கு நேர் பின்னாடி. மைதானத்திலேயே அத மாதிரி பத்திரமான இடம் கிடையாது. நீ தச்ச வலை, நான் கட்டின கட்டு. இடி விழுந்தாத்தான் உண்டு" என்றார். இடி விழவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரம், வலையின் ஓரம் திரைச்சீலை போல விலகி, பந்து வந்தது. பந்து வந்ததை அவள் பார்க்கவே இல்லை.

ஏன் விலகியது என்பது மூன்று பேர் வேலை செய்யும் அந்தக் கூட்டத்துக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வலையின் மேல் கயிறு கப்பியில் ஓடும். இரண்டு ஓரங்களையும் கம்பத்தோடு சேர்த்து முழத்துக்கு ஒரு கட்டு கட்டியிருப்பார்கள். அதற்குப் பக்கக் கட்டு என்று பெயர். பக்கக் கட்டு இருக்கும்வரை வலை வலை. அதை அவிழ்த்துவிட்டால் அது வெறும் துணி, மேலே மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும். விசில் ஊதி, ஆட்டக்காரர்கள் கோப்பை வாங்க ஓடிவருவதற்குள் வலையை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் போட்டோவில் எல்லார் முகத்திலும் கட்டம் விழும். ஒரு வருஷம் அப்படி விழுந்துவிட்டது. "கோப்பைய வாங்கினவன மீன் மாதிரி வலைக்குள்ள காட்டிட்டீங்களேப்பா" என்று மைதான மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். அன்றைக்கு மழை. நனைந்த கயிற்றில் முடிச்சு ஊறி இறுகிப்போய், நகத்தால் பிடுங்கியும் வரவில்லை. அதற்குப் பிறகு மழை நாட்களில் ஆட்டம் முடியும் முன்பே பக்கக் கட்டுகளைத் தளர்த்தி அவிழ்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் செய்யாதே என்றும் சொல்லவில்லை. மேனேஜர் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமா அவள் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழும்போது அவர் மூக்கு மட்டும் குழந்தை மூக்கு மாதிரி சிவந்துவிடும். "என் கைதான் அவுத்துச்சு. விசாரணை வெப்பாங்க. நானே சொல்லிடறேன் பாப்பா. எவன் என்ன பண்ணினாலும் சரி" என்றார். டாக்டர் இரண்டாவது ஆபரேஷன் ஒன்று செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, செய்தால் வெளிச்சமும் உருவமும் ஓரளவு தெரியலாம் என்றிருந்தார். தவறு மைதானத்தின் பக்கம் என்று விசாரணையில் முடிவானால் அந்த ஆபரேஷன் செலவை மைதானமே தர வேண்டும். அவள் மேல்தான் தவறு என்றால் ஒன்றும் கிடையாது. அந்த விசாரணை நாளைக்கு.

மத்தியானம் ஏணி வந்தான். மாமாவின் கூட்டத்தில் ஒருவன். ஏணி இல்லாமலே கப்பியை எட்டுவான் என்பதால் அந்தப் பெயர். நிலைவாசலில் குனிந்து உள்ளே வந்து, குனிந்தபடியே நின்றான்.

"அண்ணி, சனிக்கிழமை மேட்ச்சுக்கு வலை வேணும். ஆயிடுச்சா?"

"ஒரு மூலை பாக்கி. உக்காரு. ரொட்டி இருக்கு, சாப்பிடறியா?"

"ரொட்டிய வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷன் ஆகல." சின்னவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "எப்படிம்மா இருக்க?"

"உட்காருண்ணே. உன் தலை வரைக்கும் அண்ணாந்தா கண்ணுல தண்ணி ஊத்துது. இடுப்பு வரைக்கும்தான் உன்னத் தெரியும் எனக்கு."

"அது போதும். மேல ஒண்ணும் விசேஷம் இல்ல."

அக்கா சிரித்தாள். ஏணி தரையில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றான். மழை மறுபடி வரும்போல இருக்கிறது, சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து வடக்குப் பக்கம் உட்காரவைக்கப் போகிறார்களாம் என்று பேசிக்கொண்டே போனான்.

"வடக்குப் பக்கம்னா?" என்றாள் சின்னவள். "நான் உட்கார்ந்த இடமா?"

"அதான். ஓசி சீட்டெல்லாம் அங்கதானே."

"பக்கக் கட்டு?"

ஏணி ரொட்டியைப் பார்த்தான். "மழை இல்லன்னா கட்டு இருக்கும்."

"மழை இருந்தா?"

"என்னத்தக் கேக்கற நீ? போட்டோக்காரங்க அன்னிக்கும் வருவாங்க."

"நாளைக்கு விசாரணையில மாமா சொல்லிட்டா அந்தப் பழக்கமே நின்னுடும் இல்ல?"

ஏணி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசியை விட்டுத் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு நடக்கறது பேருக்குத்தானே தங்கச்சி. அண்ணன் திங்கக்கிழமையே வாக்குமூலம் குடுத்துட்டாரே. நாங்களும் அதையே சொன்னாப் போதும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. உனக்கு... அண்ணி, இவளுக்குத் தெரியாதா?"

"என்னன்னு குடுத்தாரு?"

"நான் கிளம்பறேன்."

"என்னன்னு குடுத்தாருண்ணே?"

எழுந்தவன் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். தடவிக்கொண்டே சொன்னான். "கட்டெல்லாம் கடைசி வரைக்கும் இருந்துச்சாம். நீதான் போனப் பாத்துக்கிட்டே எந்திரிச்சு வலை ஓரத்துக்கு வெளிய வந்து நின்னியாம். பந்து வரதப் பாக்கலியாம். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதும்மா. என்னத் திட்டாத."

வலையை வாங்காமலே அவன் படியிறங்கினான். கீழே அறுப்பு மீண்டும் ஓடத் தொடங்கியது.

அக்கா போட்ட முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒற்றைக் கண்ணுக்கும் அது தெரிந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"என்னடி எப்ப?"

"அக்கா."

"திங்கக்கிழமை சாயந்திரம்."

"திங்கக்கிழமை சாயந்திரம் எனக்குத் தலை சீவி விட்டே. ரெண்டு தரம் பின்னி, சரியில்லன்னு அவுத்து, மறுபடியும் பின்னினே."

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. தெரிஞ்சுகிட்டே பின்னினியான்னு கேட்டேன்."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "நீ படிக்கறவ. வார்த்தைய எடுத்து எடுத்து அடுக்குவ. எனக்கு அது வராது. அந்த மனுஷன் தூங்கறதில்ல, சோத்துல கைய வெச்சா எடுக்கறதில்ல. மூணு வீட்டுப் பொழப்பு. நான் யாரப் பாக்கட்டும் சொல்லு?"

"என் போன் எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நீதான் பைய எடுத்தே. ஜிப் மூடியிருந்துச்சு. ஜிப்பத் தொறந்து, கைக்குட்டையில சுத்தியிருந்த போன எடுத்துத்தான் மாமாவுக்குப் போட்டே. மழைக்குப் பயந்து நான்தான் சுத்தி வெச்சிருந்தேன். இல்லயா?"

"யாரு எங்கிட்ட அதக் கேக்கப்போறாங்க?"

"கேட்டா?"

அக்கா எழுந்து போய் அரிசி களைந்தாள். களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

மாமா இருட்டும் முன்பே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செருப்பைக் கழற்றும்போதே மோப்பம் பிடித்துவிட்டார். ஆணியில் வலை அப்படியே தொங்குகிறது, இரண்டு பேரும் இரண்டு மூலையில்.

"ஏணி வந்தானா?"

"வந்தான்," என்றாள் அக்கா. "சொல்லிட்டான்."

"வாய் நீளம் உடம்பு நீளத்துக்கு மேல அவனுக்கு." பழத்தை மேசையில் வைத்தார். ஒன்றை உரித்துச் சின்னவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் சொல்றத முழுசாக் கேளு. உனக்கு ஆபரேஷன் நடக்கும். மேனேஜர் வாக்குக் குடுத்திருக்காரு. விசாரணை சத்தமில்லாம முடியட்டும், அடுத்த மாசமே அவரே ஏற்பாடு பண்றேன்னாரு. பிரச்சினை பண்ணினா, கோர்ட்டு அது இதுன்னு இழுத்துடுவாங்க. உன் கண்ணு காத்துகிட்டு இருக்குமா?"

"வாயாலதான் சொன்னாரா?"

"அவரு சொன்னா சொன்னதுதான்."

"நீங்களும் சொன்னீங்களே மாமா. ஆஸ்பத்திரியில."

மாமா பழத்தைப் பார்த்தார். அது கறுக்கத் தொடங்கியிருந்தது.

"நான் அவுத்தேன்னு சொன்னா, யாரு அவுக்கச் சொன்னான்னு கேப்பாங்க. மேனேஜர் கைய விரிச்சிடுவாரு. 'நான் சொன்னேனா?'ம்பாரு. சொல்லல, உண்மதான். அப்புறம் நான் வெளிய, ஏணி வெளிய, மூணாவது ஆளும் வெளிய. இந்த வீட்டு அடுப்பு எதுல எரியும்? உன் இஸ்திரிப் பொட்டியிலயா? நீயே இப்ப நிக்க முடியாம உக்காந்திருக்க."

"அதுக்காக நான் போன் பாத்தேன்னு சொல்லணுமா? வேற எதுவுமே கிடைக்கலியா உங்களுக்கு?"

"எல்லாரும் அப்படித்தானே பாக்கறாங்க, மேட்ச் பாக்க வந்துட்டு. சொன்னா உடனே நம்பிடுவாங்க." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். "முழுப் பொய்யும் இல்ல. நீ பந்தப் பாக்கல. அது நெசம்தானே?"

இந்த இடத்தில் சின்னவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். அடிபட்ட பிறகு ஞாபகம் தானாகவே எதையாவது சேர்த்துத் தைத்துக்கொள்ளுமோ என்று. மழை விஷயத்திலேயே தவறியிருக்கிறாள். அதனால் ஒவ்வொன்றாக மனசுக்குள் தொட்டுப் பார்த்தாள். கடைசி பெனால்டி கார்னர். எல்லோரும் எழுந்து கத்துகிறார்கள். அவள் உட்கார்ந்தே இருக்கிறாள், நாற்காலியை விட்டால் பின்னாலிருந்து யாராவது பிடித்துக்கொள்வார்கள். வலது கம்பத்தடியில் மாமா. குனிந்து கட்டை அவிழ்க்கிறார். அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்து, அவளைப் பார்த்து, மாட்டு வால் மாதிரி சுழற்றிக் காட்டுகிறார். அவள் சிரிக்கிறாள். கயிற்றில் மழைத் தண்ணீர் தெறிக்கிறது. தண்ணீர் தெறித்தது அவள் சேர்த்துக்கொண்டது இல்லை. அது நிச்சயம்.

"நான் உங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன் மாமா," என்றாள். "நீங்க கயித்த ஆட்டிக் காட்டினீங்க. பாப்பா, இங்க பாருன்னு கூப்பிட்டீங்க. சத்தத்துல குரல் கேக்கல. வாய் அசைஞ்சது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது. அதுக்காகத்தான் திரும்பினேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு நிலைக்கு வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களா?"

"அது ஒரு விளையாட்டுக்கு..."

"கூப்பிட்டீங்களான்னு கேக்கறேன்."

"கூப்பிட்டேன். நாய் மாதிரி ஒரு பொழப்பு. சனம் பூரா உக்காந்து பாக்குது, நான் மட்டும் எப்பவும் முதுகக் காட்டிக்கிட்டுக் கயிறு அவுக்கறேன். ஒரு ஆளு, என்னத் தெரிஞ்ச ஆளு, அங்க உக்காந்திருக்குன்னு ஒரு சந்தோஷம். அதுக்கு என்னத் தூக்குல போடுங்க."

"இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றாள் அக்கா.

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

சோறு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. அக்கா போய்த் தணித்துவிட்டு வந்தாள். மாமாவுக்குச் சோறும் கீரையும் அவித்த முட்டையும் வைத்தாள், தங்கைக்கும் வைத்தாள். முட்டையைத் தங்கைக்குத் தோலுரித்துக் கொடுத்தாள். மாமா தன்னுடையதைத் தானே உரித்துக்கொண்டார். மூன்று பேரும் வலையை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேறு இடமும் இல்லை.

"நான் நாளைக்கு வரேன்," என்றாள் சின்னவள்.

"எங்க?"

"விசாரணைக்கு."

"உன்ன யாரும் கூப்பிடல. அடிபட்டவங்க வரவேண்டாம், டாக்டர் சர்டிபிகேட்டே போதும்னுட்டாங்க."

"கூப்பிடலன்னா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். கதவு தொறக்கறப்ப பாப்பாங்க இல்ல."

"வந்து? எல்லார் முன்னாடியும் என்னப் பொய்யன்னு சொல்லப்போறியா? சோறு போட்ட கைய..."

"கண்ணப் பத்தியும் சொல்லுங்களேன் மாமா. கைய மட்டும் சொல்றீங்க."

மாமா தட்டைத் தள்ளினார். அக்காவைப் பார்த்து, "நீ சொல்லு இவளுக்கு. உன் தங்கச்சிதானே. அந்த இடம் பத்திரமான இடம். இத்தன வருஷமா எத்தன மேட்ச், ஒருத்தருக்கு ஒரு கீறல் பட்டிருக்கா? ஒரு தடவ நடந்தது விதி. அதுக்குப் போய் மூணு குடும்பத்த மண்ணாக்கணுமா? சொல்லு" என்றார்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா," என்றாள் சின்னவள். அவள் குரல் கோபமாக இல்லை. வகுப்பில் ஒரு கணக்கு சரியா என்று கேட்கிற குரல் அது. "சனிக்கிழமை நீ மேட்ச்சுக்குப் போ. மாமா டிக்கெட் வாங்கித் தருவார். வடக்குப் பக்கம், முதல் வரிசை, பிள்ளைங்களோட. மழை பெஞ்சாலும் பரவாயில்ல. உட்காருவியா?"

"ஏன் உட்கார மாட்டா?" என்றார் மாமா. "தாராளமா உட்காருவா. நான் கட்டற வலை. எம்மேல நம்பிக்கை இல்லாமலா இத்தன வருஷம் குடித்தனம் பண்றா? சொல்லேன்டி, உட்காருவேன்னு."

அக்கா தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். ஒதுக்கியதை மறுபடி நடுவுக்குத் தள்ளினாள்.

"மாட்டேன்," என்றாள்.

"என்ன?"

"உட்கார மாட்டேங்க. எனக்குப் பயமா இருக்கு."

மாமாவின் முகம் ஆஸ்பத்திரியில் அழுத முகமாக இல்லை. நடுத்தெருவில் யாரோ சட்டையைப் பிடித்துவிட்டது போல, ஏன் என்று கேட்கிற முகமாக இருந்தது. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவாமலே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். படியில் அவர் காலடிகள் பட்டறை வாசல் வரை கேட்டன, அங்கேயே நின்றுவிட்டன. அதற்கு மேல் போக அவருக்கு இடமில்லை போலிருந்தது.

அக்கா மூன்று தட்டுகளையும் அடுக்கி எடுத்துப்போனாள். அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"நான் சொன்னத அங்க வந்தும் சொல்லுவேன்னு நினைச்சுக்காத. எனக்கு அவ்வளவு தெம்பு இல்லடி."

"சரிக்கா."

"பை கட்டிலுக்கு அடியில இருக்கு. போன் அதுலதான்."

"சரி."

சின்னவள் தட்டு இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, நோட்டை எடுத்து, விளக்கை வலது பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டு எழுதினாள். இந்த முறை வரிகளுக்கு நடுவே அளவுகோலை வைத்துக்கொண்டாள்.

நாளை வியாழன். காலை கண் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். அங்கிருந்து நேராக மைதான அலுவலகம், பத்தரைக்கு முன்பு. பையை எடுத்துப்போக வேண்டும், ஜிப்பை மூடியபடி. உள்ளே கூப்பிடாவிட்டாலும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சனிக்கிழமை வரப்போகும் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், என்னைப் பற்றி அப்புறம். மாமா கயிற்றை ஆட்டியதைக் கேட்டால் மட்டும் சொல்வதா, கேட்காமலே சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பஸ்ஸிலேயே முடிவு செய்ய வேண்டும். மாலை வகுப்புக்கு வர முடியாது என்று யாரிடமாவது சொல்லியனுப்ப வேண்டும்.